மாலத்தீவில் டீச்சர் வேலையா? பள்ளி விட்ட பிறகு எப்படி வாழ்வது என்று சொல்கிறேன்

மாலத்தீவில் ஆசிரியர் வேலைக்கு ஆர்டர் கையில் வந்ததும் எல்லோரும் சம்பளம் எவ்வளவு, விசா எப்போது வரும், வீடு கொடுப்பார்களா என்றுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அங்கே இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒப்பந்தம் முடிவதற்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய நம்மூர் ஆசிரியர்களிடம் பேசிப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே காரணம்தான் வரும்: சாயங்காலம் என்ன செய்வதென்றே தெரியவில்லை. பள்ளி விட்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, போனில் ஊரோடு பேசி, தூங்கி, மறுநாள் திரும்பவும் பள்ளி. அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய தீவில் இப்படி இருந்தால் யாருக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும். அதனால் இது முழுக்கப் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையைப் பற்றியது. தலைநகர் மாலேயில் வேலை கிடைத்தவர்களுக்கும் உதவும், ஆனால் தூரத்து அட்டோல்களில், அதாவது பவளத் தீவுக் கூட்டங்களில் போய் இறங்கப் போகிறவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் சில அடிப்படைகள். சுமார் 1200 தீவுகள், அதில் மக்கள் வசிப்பது 200-க்கும் குறைவு. மொத்த மக்கள்தொகையே 5 லட்சத்தை ஒட்டித்தான், அதில் ஐந்தில் இரண்டு பங்கு மாலே வட்டாரத்தில். மீதித் தீவுகளில் சிலவற்றில் சில ஆயிரம் பேர், பலவற்றில் சில நூறு பேர்தான். கடிகாரத்தை இந்திய நேரத்திலிருந்து அரை மணி பின்னால் வையுங்கள். வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு, இது உடம்புக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகும். பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில வழி, அந்நாட்டு மொழியான திவெஹியும் இஸ்லாமும் உள்ளூர் ஆசிரியர்கள் எடுப்பார்கள். பள்ளி காலையில் சீக்கிரமே தொடங்கும், எனவே பிற்பகலும் மாலையும் உங்கள் கையில் நிறையவே இருக்கும்.

பெட்டியில் என்ன வைக்கலாம், என்ன கூடாது

குக்கர், புளி, சாம்பார் பொடி, மிளகாய்த் தூள், கறிவேப்பிலைப் பொடி, இட்லித் தட்டு, இவையெல்லாம் தாராளமாக எடுத்துப் போங்கள். தீவுக் கடைகளில் அரிசி, மைதா, சர்க்கரை, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை கிடைக்கும். பச்சைக் காய்கறி மட்டும் மாலேயிலிருந்து சரக்குப் படகு வரும் நாளைப் பொறுத்தது, படகு வந்த அன்று மாலையே கடைக்குப் போய்விடுங்கள், மறுநாள் போனால் வாடிய முட்டைக்கோஸ்தான் மிஞ்சும்.

கொண்டு போகக் கூடாதவை: மது, பன்றி இறைச்சி எந்த வடிவிலும், வழிபாட்டுச் சிலைகள். மூன்றாவதைப் பற்றி நம்மவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, வழிபாட்டுக்கான விக்கிரகங்களைச் சுங்கத்தில் அனுமதிப்பதில்லை, அம்மா ஆசையாகக் கொடுத்த சின்னப் பிள்ளையாராக இருந்தாலும் ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அங்கே கோயிலும் கிடையாது, சர்ச்சும் கிடையாது, மற்ற மதங்களின் பொது வழிபாட்டுக்கும் இடமில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் கும்பிடாமல் இருக்கவே முடியாது என்று நினைப்பவர்கள் இதை யோசித்து முடிவெடுத்த பிறகு கையெழுத்துப் போடுவது நல்லது. மனதுக்குள் கும்பிடுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் எழுதிய சீட்டைக் கட்டாயம் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், நம்மூரில் சாதாரணமாகக் கிடைக்கும் சில வலி மாத்திரைகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு.

துணி விஷயத்தில் பெண்களுக்குச் சுடிதார் மிகச் சரியாக இருக்கும், கையும் காலும் மூடிய பருத்தித் துணியாக எடுங்கள். அதோடு கடலில் இறங்க உடம்பு முழுக்க மூடும் நீச்சல் உடை ஒன்று, பவளப் பாறையில் கால் கிழியாமல் இருக்க ரப்பர் செருப்பு ஒன்று. இந்த இரண்டையும் மறக்காதீர்கள், ஏன் என்று கீழே வருகிறது.

முதல் சில வாரங்கள்

நீங்கள் படகிலிருந்து இறங்கும்போதே பாதித் தீவுக்கு நீங்கள் யார், எந்தப் பாடம், எந்த வீட்டில் தங்கப் போகிறீர்கள் என்பது தெரிந்திருக்கும். கடைக்காரர், படகோட்டி, ஹெல்த் சென்டர் ஊழியர் எல்லோருமே ஏதோ ஒரு மாணவனின் அப்பாவோ சித்தியோதான். எல்லோரும் உங்களை மிஸ், சார் என்றுதான் கூப்பிடுவார்கள், பாட்டிகள்கூட. இதைத் தொந்தரவாக எடுத்துக்கொண்டால் அங்கே வாழ்வது கஷ்டம். நல்லதாக எடுத்துக்கொண்டால், காய்ச்சல் வந்து ஒரு நாள் பள்ளிக்குப் போகவில்லை என்றால் சாயங்காலத்துக்குள் யாராவது கஞ்சியோ பழமோ கொண்டுவந்து கதவைத் தட்டுவார்கள்.

போனில் வைபர் ஏற்றிக்கொள்ளுங்கள். நம்மூரில் வாட்ஸப் செய்யும் வேலையை அங்கே பெரும்பாலும் வைபர் செய்கிறது: பள்ளி அறிவிப்பு, பெற்றோர் குழு, நாளைக்குப் படகு போகுமா போகாதா என்பது எல்லாமே அதில்தான் ஓடும். அந்தக் குழுக்களில் உங்களைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால்தான் சேர்ப்பார்கள்.

எப்படிப் பழகுவது என்றால், மாலையில் நடங்கள். ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்ததும் தீவே வெளியில் வந்துவிடும். பையன்கள் கால்பந்து, பெரியவர்கள் வாலிபால், கடற்கரையில் வரிசையாக ஜோலி, அதாவது இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கயிற்று வலை பின்னித் தொங்கவிட்ட நாற்காலி. அதில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதுதான் அங்கே பொழுதுபோக்கு, ஊர்ச் செய்தி எல்லாமே அங்கேதான் கிடைக்கும். ஒரு காலி ஜோலியில் போய் உட்காருங்கள். ‘கிஹினே’ என்று நலம் விசாரித்தால் ‘ரங்கலு’ என்று பதில் வரும், நன்றிக்கு ‘ஷுக்ரிய்யா’. இந்த மூன்றோடு தொடங்கலாம், மீதியைக் குழந்தைகள் கற்றுக்கொடுப்பார்கள், டீச்சருக்கே டீச்சராக இருப்பதில் அவர்களுக்குக் கொள்ளை சந்தோஷம்.

பெண் ஆசிரியர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்கிறேன். பல தீவுகளில் பெண்கள் மாலையில் பஷி ஆடுவார்கள். நடுவில் வலை கட்டி, ஒரு பக்கம் ஒருத்தி வலைக்கு முதுகைக் காட்டி நின்று டென்னிஸ் மட்டையால் பந்தைத் தலைக்கு மேலாகப் பின்னால் அடிப்பாள், மறுபக்கம் நிற்கிறவர்கள் அதைக் கையால் பிடிக்க வேண்டும். பந்து வேகமாக வரும், விரல் வீங்கும், ஆனாலும் போய் நில்லுங்கள். ஸ்டாஃப் ரூமில் ஒரு வருடம் பேசிக் கிடைக்காத நெருக்கம் அந்த மைதானத்தில் சீக்கிரமே கிடைத்துவிடும்.

ஒரே ஒரு விதியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போகச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்: முதல் மூன்று மாதம் யார் கூப்பிட்டாலும் போங்கள். சோர்வாக இருந்தாலும், மொழி புரியாவிட்டாலும், அரை மணி நேரமாவது போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இரண்டு மூன்று முறை மறுத்துவிட்டால் இந்த மிஸ்ஸுக்குப் பிடிக்காது போல என்று மரியாதையாக ஒதுங்கிவிடுவார்கள், அதன் பிறகு அழைப்பு வருவதே இல்லை. இந்திய ஆசிரியர்கள் நாலு பேர் ஒரே வீட்டில் இருந்தால் இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் சமையல், சீரியல், சிரிப்பு எல்லாமே வீட்டுக்குள் கிடைத்துவிடும், வெளியே போகத் தோன்றாது. அந்த நாலு பேருக்குள் ஒரு சண்டை வந்த பிறகுதான் தீவில் வேறு யாரையுமே தெரியாது என்பது புரியும்.

சாப்பாடும் டீயும்

அழைப்பு என்றாலே அங்கே சாப்பாடு, சாப்பாடு என்றாலே சூரை மீன். காலையில் மஸ் ஹுனி, அதாவது சூரையும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் மிளகாயும் எலுமிச்சையும் பிசைந்தது, கூட ரொஷி என்கிற மெல்லிய சப்பாத்தி. மதியம் கருதியா என்கிற தெளிந்த மீன் சாறு, சோற்றில் ஊற்றி எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். அந்தச் சாற்றையே மணிக்கணக்கில் காய்ச்சிக் கறுப்பு விழுதாக்கினால் ரிஹாகுரு. தூத்துக்குடிப் பக்கத்தவர்களுக்கும் இலங்கைக்காரர்களுக்கும் மாசிக் கருவாடு தெரியும் அல்லவா, அதன் பூர்வீகமே மாலத்தீவுதான், அவித்துப் புகை போட்டுக் காய வைத்த சூரை. மாசி சம்பல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு மாலத்தீவுச் சமையல் முதல் நாளே பிடித்துவிடும்.

சைவக்காரர்களுக்குக் கஷ்டம்தான், மறைக்கவில்லை. நாலு மணி டீக்கு வைக்கும் ஹெதிகா, அதாவது பலகாரங்களில், குல்ஹா, பஜியா, மஸ்ரொஷி எல்லாவற்றிலும் பெரும்பாலும் உள்ளே மீன் இருக்கும், பஜியா பார்க்க நம்ம சமோசா மாதிரியே இருந்தாலும் அப்படித்தான். இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று மட்டும் சொன்னால் அன்போடு மீனை எடுத்து வைப்பார்கள், மீனை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. மீனும் வேண்டாம், மாசித் தூளும் வேண்டாம் என்று முதல் அழைப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, போன்திபை என்கிற இனிப்புச் சோறும் பழமும் கொடுத்துக் கவனித்துக்கொள்வார்கள். சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலை, மெலிதாகச் சீவிய பாக்கு, கிராம்பு தட்டில் வரும், அது மட்டும் நம் வீடு போலவே இருக்கும்.

கடலுக்குப் போவது

வெள்ளிக்கிழமை காலையில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு தோணி பிடித்துப் பக்கத்தில் ஆள் இல்லாத தீவுக்கோ மணல் திட்டுக்கோ போவார்கள். அரிசிப் பானை, தண்ணீர் கேன், தார்ப்பாய், ஸ்பீக்கர், குழந்தைகள், பாட்டி எல்லாமே தோணியில் ஏறும். அங்கே போய் மீன் சுடுவது, குளிப்பது, பாடுவது, தூங்குவது. கூப்பிட்டால் கட்டாயம் போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு பாத்திரம் எலுமிச்சைச் சாதமோ கேசரியோ கொண்டுபோனால் அடுத்த முறை உங்களைக் கேட்காமலே பட்டியலில் சேர்த்துவிடுவார்கள்.

உள்ளூர் பெண்கள் துணியோடேதான் கடலில் இறங்குவார்கள், அதனால்தான் அந்த முழு உடையை எடுத்துப் போகச் சொன்னேன். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கென்று சில தீவுகளில் பிகினி பீச் தனியாக ஒதுக்கி மறைப்புக் கட்டியிருப்பார்கள், நீங்கள் அந்தத் தீவின் டீச்சர் என்பதை மனதில் வைத்து எங்கே, எந்த உடையில் குளிப்பது என்று முடிவு செய்யுங்கள்.

நீச்சல் தெரியாதென்றால் இங்கே கற்றுக்கொள்ளுங்கள், இதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடைக்காது. கரையை ஒட்டிய பவளத் திட்டுக்குள் தண்ணீர் இடுப்பளவுதான், தெளிவாக இருக்கும். ஆனால் திட்டின் விளிம்புக்கு அப்பால் கடல் சட்டென்று கறுநீலமாகும், அங்கே ஆழம் பல பத்து மீட்டர், இரண்டு தீவுகளுக்கு நடுவே உள்ள கால்வாய்களில் நீரோட்டம் நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துப் போகும். தனியாக விளிம்புக்குப் போகவே கூடாது, உள்ளூர் ஆள் ஒருவர் துணைக்கு இல்லாமல் ஸ்நார்க்கலிங், அதாவது மூச்சுக்குழாய் வைத்து முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு நீந்துவது, கூடாது. குத்தும் கடல் முள்ளெலிகளும் விஷ முள் உள்ள கல்மீனும் உண்டு, ரப்பர் செருப்பு இல்லாமல் பாறையில் கால் வைக்காதீர்கள். அழகாக இருக்கிறதே என்று பவளத் துண்டை எடுத்துப் பெட்டியில் வைத்தால் விமான நிலையத்தில் பிரச்சினை, ஆமை சம்பந்தப்பட்ட எதுவுமே கூடாது.

காலம் பார்த்துப் போக வேண்டும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதி, மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று. வானிலை மையம் மஞ்சள் எச்சரிக்கை விட்டால் பிக்னிக்கைத் தள்ளிப் போடுங்கள், கேப்டன் பரவாயில்லை என்றாலும் குழந்தைகளோடு போகிற தோணியில் அது வேண்டாம்.

இரவு மீன்பிடி தனி அனுபவம். தூண்டில் கழி எதுவும் கிடையாது, வெறும் கயிறும் முள்ளும் ஈயக் குண்டும். தோணியை நிறுத்தி விளக்கைக் குறைத்துவிட்டுக் கயிற்றை இறக்கினால் விரலில் இழுப்பு தெரியும். வாந்தி வருபவர்கள் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போடுங்கள், நின்றுகொண்டிருக்கும் தோணிதான் ஓடும் தோணியைவிட அதிகம் ஆட்டும்.

நோன்பும் பெருநாளும்

ரமலான் மாதத்தில் பகலில் வெளியிடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, இது மரியாதை மட்டும் இல்லை, சட்டமும்தான். டீக்கடைகள் பகலில் மூடியிருக்கும், பள்ளி நேரமும் மாறும். மதியச் சாப்பாட்டை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஜன்னலைச் சாத்திவிட்டுத் தாளியுங்கள், நோன்பு இருக்கும் பக்கத்து வீட்டுக்கு வாசனை போவது நன்றாக இருக்காது.

ஆனால் சமூக வாழ்க்கைக்கு வருடத்தின் மிகச் சிறந்த மாதமும் இதுதான். நோன்பு தொடங்குவதற்கு முந்தைய நாட்களில் மாஹெஃபுன் என்று உறவும் நட்பும் கூடிச் சாப்பிடும் வழக்கம், ஸ்டாஃப் ரூமிலும் நடக்கும். நோன்பு தொடங்கிய பிறகு சூரியன் மறையும் நேரத்துக்கு வீடு வீடாக அழைப்பு வரும். பத்து நிமிடம் முன்னதாகப் போய் உட்காருங்கள், பாங்கு சொல்லும்வரை தட்டில் கை வைக்காதீர்கள், பேரீச்சம்பழமும் ஜூஸும் முதலில், பலகாரம், பிறகு தொழுகை, அதற்கும் பிறகுதான் சோறு. தொழுகை நேரத்தில் நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

பெருநாளுக்குச் சிலர் லீவு கிடைத்ததே என்று ஊருக்கு ஓடிவிடுகிறார்கள். ஒரு வருடமாவது தங்கிப் பாருங்கள். தென்னை ஓலையில் ஆளைவிடப் பல மடங்கு பெரிய மீன் முடைந்து கடலிலிருந்து இழுத்து வருவது போல் ஆடும் போடு மஸ், ஓலையும் இலையும் சாம்பலும் பூசிக்கொண்டு பேய் வேஷத்தில் வரும் மாலி, போடு பெரு மேளம், தெருவெல்லாம் தண்ணீர் விளையாட்டு. உங்கள் வகுப்பில் வாயே திறக்காத பையன் அன்று மேளத்துக்கு முன்னால் ஆடுவதைப் பார்த்தால் அடுத்த வாரத்திலிருந்து அவனிடம் நீங்கள் பேசும் விதமே மாறும். வெள்ளைத் துணி போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

எதில் கவனம்

ஆண் பெண் விஷயத்தில் தீவு கண்டிப்பானது. ஆண் ஆசிரியர்கள் தனியாக இருக்கும் பெண் வீட்டுக்குள் போவதோ, மாணவியைத் தனியாக வீட்டுக்கு வரச் சொல்லி டியூஷன் எடுப்பதோ வேண்டவே வேண்டாம். பெண் ஆசிரியர்கள் குழுவாகப் போகும் இடங்களுக்குத் தயங்காமல் போகலாம், ராத்திரி தனியாக நடப்பதில் சின்னத் தீவுகளில் பொதுவாகப் பயமில்லை, வம்பு மட்டும்தான் பயம். டியூஷன் கேட்டு நிறையப் பேர் வருவார்கள், தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்காமல் பணம் வாங்காதீர்கள்.

மதம் பற்றிப் பேச வேண்டாம், விளக்கம்கூட வேண்டாம். அரசியலும் அப்படித்தான். இந்தியாவை வெளியேறச் சொல்லி ஒரு பிரசாரம் சில வருடங்கள் சூடாக ஓடியது, 2024 மே மாதம் இந்திய ராணுவத்தினர் திரும்பிப் போனார்கள், இதைப் பற்றி உங்கள் கருத்தை யாராவது ஜோலியில் உட்கார்ந்து கேட்பார்கள். சிரித்துவிட்டு டீயைக் குடியுங்கள். முகநூலில் எழுதவே எழுதாதீர்கள். தமிழர்களுக்கு இன்னொன்றும் உண்டு: நவம்பர் 3-ஐ அங்கே வெற்றி நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1988-இல் ஆட்சியைக் கவிழ்க்க மாலத்தீவுக்காரர் ஒருவர் முயன்றபோது அதற்கு ஆயுதம் ஏந்தி வந்தவர்கள் இலங்கைத் தமிழ்க் குழு ஒன்றைச் சேர்ந்தவர்கள், அதை முறியடிக்க உதவியது இந்திய ராணுவம். பள்ளி விழாவில் இந்தக் கதை வரும். உயிரிழந்தவர்களின் உறவினர்கள் அந்த அவையில் இருக்கலாம், அமைதியாக நின்று மரியாதை செய்யுங்கள்.

மாலேக்குப் போகும்போது

சாதாரண ஃபெர்ரி மலிவு, மெதுவு. ஸ்பீட் போட் வேகம், கடல் கொந்தளித்தால் முதுகைப் பதம் பார்க்கும், பின்பக்க சீட்டில் உட்காருங்கள். வேலை அனுமதி அட்டையை எப்போதும் கையில் வையுங்கள், சுற்றுலாப் பயணிக்கும் அங்கே வேலை செய்பவருக்கும் கட்டணம் வேறாக இருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் எதுவும் ஓடாது, கடைகளும் திறக்காது, அதைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள். மற்ற நாட்களிலும் ஒவ்வொரு தொழுகைக்கும் கடைகள் கொஞ்ச நேரம் ஷட்டரை இறக்கும்.

மாலேயில் 1658-இல் பவளக் கல்லில் கட்டிய பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலைப் பாருங்கள், ஆணியோ சாந்தோ தெரியாமல் கல்லோடு கல் பொருத்தியிருக்கும் வேலைப்பாடு அசர வைக்கும். மீன் சந்தைக்குத் தோணிகள் திரும்பும் பிற்பகலில் போக வேண்டும். அதன் பக்கத்திலேயே காய்கறிச் சந்தை, தீவுக்குத் திரும்புவதற்கு முன் அங்கே பையை நிரப்பிக்கொள்ளுங்கள். 2018-இல் பாலம் வந்த பிறகு பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேக்குப் பஸ்ஸிலேயே போகலாம், அங்கே நீளமான கடற்கரை இருக்கிறது, இந்திய ஹோட்டல்களும் இருக்கின்றன, தோசைக்கு ஏங்குகிறவர்களுக்கு அது போதும்.

பணம் பற்றி ஒரே வரி: சம்பளம் ருஃபியாவில் வரும், ஊருக்கு அனுப்ப டாலர் வேண்டும், வெளிநாட்டு ஊழியர் மாதம் எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு வங்கிகளில் உச்சவரம்பு உண்டு, அது மாறிக்கொண்டும் இருக்கிறது, எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இப்போது அங்கே இருக்கும் ஒரு ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள், ஏஜென்டிடம் கேட்காதீர்கள்.

நீங்கள் கூப்பிடும்போது

சாப்பிட்ட வீடுகளைத் திருப்பிக் கூப்பிட வேண்டும். பெரிய விருந்தெல்லாம் தேவையில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சடங்கை வீட்டுக்குள் உங்களோடு வைத்துக்கொண்டு இனிப்பை மட்டும் பக்கத்து வீடுகளுக்கும் ஸ்டாஃப் ரூமுக்கும் அனுப்புங்கள், டீச்சர் ஊரில் பண்டிகை என்று சொன்னால் போதும். விருந்துக்கு அங்கே அதிகம் எடுபடுவது தோசையும் தேங்காய்ச் சட்னியும், பிறகு கோழிப் பிரியாணி. மாவு புளிக்க அந்தச் சூட்டில் ஆறு மணி நேரம் போதும், இரவு முழுக்க வைத்தால் பொங்கி வழிந்துவிடும். ரசத்தைச் சூப் போலக் கோப்பையில் கொடுங்கள், கருதியா குடித்துப் பழகியவர்களுக்கு அது உடனே பிடிக்கும். ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டால் பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் வருவார்கள், ஆறு பேருக்குச் சொன்னால் பத்துப் பேருக்கு மாவு அரையுங்கள்.